புகை எந்த வாசலால் வருகிறது?

கொக்குவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்:

“எங்கள் வீடு காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே இரண்டாவது ஒழுங்கையில் இருக்கிறது. பழைய ஓட்டு வீடு. பேத்திக்கு ஏழு வயது. மார்கழி, தை வந்தால் மூச்சு முட்டு வந்துவிடும். கனடாவில் இருக்கும் மகன் காற்றில் உள்ள நுண்தூசியை அளக்கும் சிறிய கருவி ஒன்றை அனுப்பினான். அதை ஹோலில் வைத்தேன். காலமை 38, மத்தியானம் 22, பின்னேரம் ஏழு மணிக்கு 140 என்று காட்டுகிறது. யன்னல்களைப் பூட்டி வையுங்கள் என்கிறான் மகன். பூட்டினால் பிள்ளை அவிந்துபோய்விடும் என்கிறார் மனைவி. பின்வளவுக்காரர் பின்னேரங்களில் சருகு கொளுத்துவார். அவரோடு இரண்டு தரம் வாய்த்தர்க்கமும் வந்துவிட்டது. இந்தப் புகை வெளியிலிருந்து வருகிறதா, வீட்டுக்குள்ளேயே உண்டாகிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?”

ஐயா, வணக்கம்.

உங்கள் கடைசிக் கேள்விதான் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. வீடுகளில் காற்றை அளப்பதுதான் என் வேலை. அழைக்கிறவர்களில் பெரும்பாலானோர் “எந்த மெஷின் வாங்கலாம்?” என்றுதான் தொடங்குவார்கள். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மெஷின் வாங்கினாலும் யன்னலைப் பூட்டினாலும் பாதி நாள் பயன்படும், மீதி நாள் கேடாகவே முடியும். ஆகவே ஒரு இரண்டு கிழமை பொறுத்துக்கொள்ளுங்கள். அதுவரை பின்வளவுக்காரரோடு இதைப் பற்றிக் கதைக்கவேண்டாம்.

அந்த 140ஐ முதலில் பார்ப்போம். கருவி காட்டுவது பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரோமீற்றருக்கும் குறைந்த விட்டமுள்ள துகள்கள், ஒரு கனமீற்றர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்பது. தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோமீற்றர் என்றால் இவை எவ்வளவு சிறியவை என்று விளங்கும். பழைய வீட்டில் கண்ணாடி ஓட்டால் விழுகிற வெயில் கோட்டில் தூசி ஆடுமே, கண்ணுக்குத் தெரிகிற அந்தத் தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். நெஞ்சின் அடிவரை போகிறது கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிறிய வகை. உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வகுத்த வழிகாட்டல்படி இது 24 மணிநேரச் சராசரியில் 15ஐயும், ஆண்டுச் சராசரியில் 5ஐயும் தாண்டக்கூடாது. இலங்கையின் 2008ஆம் ஆண்டு நியமத்தில் 24 மணிநேரத்துக்கு 50, ஆண்டுக்கு 25. இரண்டுமே சராசரிகள். ஏழு மணிக்குத் தெரிந்த 140ஐ அப்படியே 15க்குப் பக்கத்தில் வைத்துப் பயப்படக்கூடாது. இரண்டு மணிநேரம் 140உம் மீதி 22 மணிநேரம் 25உம் என்றால் அன்றைய சராசரி 35 அளவில் நிற்கும். அதுவும் நல்ல எண் இல்லை, ஆனால் நீங்கள் பயந்த எண்ணும் இல்லை.

வெளியிலிருந்து வருவது உண்மைதான். வாடைக்காற்று வீசும் மாதங்களில், கார்த்திகை தொடங்கி மாசி வரை, எங்கள் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. இந்தியப் பெருநிலத்தின் புகையும் தூசியும் வங்காள விரிகுடாவைக் கடந்து அதோடு வந்து சேரும். 2022 டிசம்பர் 8ஆம் திகதி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். யாழ்ப்பாணம் தொட்டுக் கொழும்பு வரை வானம் மங்கிப்போய், மறுநாள் அரச பாடசாலைகளையும் மூடினார்கள். அந்த மாதிரி நாளில் ஒழுங்கையில் ஒரு சருகும் எரியாவிட்டாலும் காற்று கெட்டுத்தான் இருக்கும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் தொடங்கினால் கடற்காற்று வந்து நிலைமை மாறும். பேத்திக்கு மார்கழி, தையில் முட்டு வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். குளிர், தடிமன், யன்னலைப் பூட்டி நுளம்புத் திரி கொளுத்துகிற பழக்கம் எல்லாமும் அதே மாதங்களில்தான் வருகின்றன. அதனால்தான் அளந்து பார்க்கவேண்டும் என்கிறேன்.

வீடு என்ன செய்கிறது? மூன்றே விஷயம். வெளிக்காற்று மணிக்கு எத்தனை தரம் உள்ளே வந்து பழைய காற்றை வெளியேற்றுகிறது, வரும் வழியில் இடுக்குகளில் எவ்வளவு தூசி ஒட்டிக்கொள்கிறது, உள்ளே வந்தது எவ்வளவு வேகமாகச் சுவரிலும் நிலத்திலும் திரைச்சீலையிலும் படிகிறது. 1990இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் பல வீடுகளில் உள்ளும் புறமும் அளந்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். இடுக்கு வழியே வரும்போது நுண்தூசி கிட்டத்தட்ட முழுவதுமே உள்ளே வந்துவிடுகிறது என்றும், படியும் வேகம் மணிக்கு 0.39 என்றும் அதில் தெரிந்தது. அந்த எண்ணை 0.4 என்று வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குக் கணக்குப் போடலாம். யன்னல்களை இறுகப் பூட்டி, மணிக்கு அரைத் தரம்தான் காற்று மாறுகிறது என்றால் 0.5ஐ, அதோடு படியும் வேகம் 0.4ஐயும் கூட்டிய 0.9ஆல் பிரியுங்கள்: வெளியில் உள்ளதில் 56 வீதம் உள்ளே இருக்கும். யன்னல் திறந்து மணிக்கு ஐந்து தரம் மாறினால் 5ஐ 5.4ஆல் பிரியுங்கள்: 93 வீதம். இதைத்தான் உள்நுழைவுப் பங்கு என்கிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் இது வேறு, ஒரே வீட்டில் பூட்டிய இரவுக்கும் திறந்த இரவுக்கும் வேறு. ஓட்டு இடைவெளியும் யன்னலுக்கு மேலே காற்றுத் துவாரமும் உள்ள பழைய யாழ்ப்பாண வீட்டில், பூட்டினாலும் மணிக்கு இரண்டு மூன்று தரம் காற்று மாறக்கூடும். அப்படியானால் பூட்டி மினக்கெட்டும் பெரிய வித்தியாசம் வராது. மகன் இருக்கிற நாட்டு வீடுகள் குளிருக்காக இறுக்கிக் கட்டியவை. அங்கே சரியான புத்தி இங்கே சரிவரும் என்று சொல்லமுடியாது.

உங்கள் வீட்டின் பங்கை நீங்களே அளக்கலாம். அதற்கு இன்னொரு கருவி வேண்டும், அதே மொடல். மகனிடம் சொன்னால் அனுப்புவார், அல்லது யாரிடமாவது இரண்டு கிழமைக்கு இரவல் வாங்குங்கள். வந்தவுடன் ஒன்றை வெளியே கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். முதல் இரண்டு நாள் இரண்டும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். இந்தக் கருவிகள் லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதைப் பார்த்து எடையை மதிப்பிடுகின்றன, நிறுத்துப் பார்ப்பதில்லை. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு கருவிகளே ஒன்று 40, மற்றது 48 என்று காட்டும். அந்த வித்தியாசத்தை அறியாமல் ஒன்றை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் வைத்தால், கருவியின் குணத்தை வீட்டின் குணம் என்று எழுதிவிடுவீர்கள்.

அப்புறம் இடம். உள்ளே இருக்கவேண்டியது ஹோலில் அல்ல, பிள்ளை படுக்கிற அறையில், அவளுடைய மூக்கு உயரத்தில், ஃபானுக்கு நேரே இல்லாமல், சுவரோடு ஒட்டாமல். வெளியே வைப்பது வெயிலும் மழையும் படாத இடத்தில், முன்விறாந்தை என்றால் நல்லது. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் மானிப்பாயில் அம்மாவின் வீட்டில் வெளிக் கருவியைப் பின்தாழ்வாரத்தில் மாட்டினேன். ஒரு கிழமை முழுக்க வெளிக்காற்று காலமை ஆறு மணிக்கும் பின்னேரம் ஆறரைக்கும் தவறாமல் ஏறியது. ரோட்டு வாகனப் புகை என்று எழுதியும் வைத்தேன். எட்டாம் நாள் காலமை தேத்தண்ணீர் வைக்க அம்மா குசினி அடுப்பில் பன்னாடையைச் செருகிக் கொளுத்தினார். புகைக்கூட்டால் வெளியேறிய புகை தாழ்வாரத்தில் தட்டுப்பட்டு அப்படியே திரும்பி, கருவியைச் சுற்றிக்கொண்டு நின்றதைக் கண்ணால் கண்டேன். எங்கள் அடுப்புப் புகையை ஒரு கிழமையாக ஊர்க் காற்றின் கணக்கில் ஏற்றியிருக்கிறேன். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் குசினிப் பக்கம், சாமி அறைப் பக்கம் வெளிக் கருவியை வைப்பதில்லை.

யாழ்ப்பாணத்துக்கு என்றே ஒரு சிக்கல் இருக்கிறது: ஈரம். எங்கள் இரவுக் காற்றில் ஈரப்பதன் பல நாள் 80 வீதத்துக்கு மேலே நிற்கும். நுண்துகள்கள் ஈரத்தைக் குடித்து ஊதிவிடும், ஊதிய துகள் ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கும், கருவி அதைத் தூசி என்று எண்ணும். தை மாதத்து விடியற்காலைப் பனிமூட்டத்தில் நீர்த்துளியையே புகை என்று காட்டும். வீட்டுக்குள் கொஞ்சம் வெப்பம் கூட, ஈரம் குறைவு. ஆக வெளி எண் உண்மையைவிட மேலே போய், உள் எண் அவ்வளவு போகாது. “எங்கள் வீடு நன்றாகத் தடுக்கிறது” என்று ஒரு பொய்யான ஆறுதல் கிடைக்கும். உங்கள் கருவியில் ஈரப்பதனும் தெரியும் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 85க்கு மேலே போன மணித்தியாலங்களை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பாருங்கள். அதே கருவிகள் பி.எம். 10 என்று, 10 மைக்ரோமீற்றர் வரையான துகள்களுக்கு இன்னொரு எண்ணும் காட்டும். ரோட்டுத் தூசி அளக்க அதை நம்பவேண்டாம், பெரிய துகள்களை இவை சரியாகப் பிடிப்பதில்லை.

இனி முக்கியமான வேலை. எல்லோரும் படுத்த பின், இரவு ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில், வீட்டில் எதுவும் எரியாது, யாரும் கூட்டமாட்டார்கள், அடுப்பு அணைந்திருக்கும். அந்த மூன்று மணிநேரத்தில் உள்ளே இருப்பது முழுவதும் வெளியிலிருந்து வந்ததுதான். உள் எண்ணை வெளி எண்ணால் பிரித்தால் உங்கள் வீட்டின் பங்கு கையில் வரும். இரண்டு மூன்று இரவு பூட்டி, இரண்டு மூன்று இரவு திறந்து பாருங்கள். உதாரணமாக, பூட்டிய இரவில் வெளியே 40, உள்ளே 30 என்றால் பங்கு 0.75. இதை வைத்துக்கொண்டு, இதே மாதிரிப் பூட்டியிருக்கிற ஒரு பின்னேரத்தைப் பாருங்கள். ஏழு மணிக்கு வெளியே 36, உள்ளே 140 என்று வைப்போம். 36இல் முக்கால்வாசி 27. மிச்சம் 113உம் உங்கள் வீட்டுக்குள் பிறந்தது. மாறாக வெளியே 170, உள்ளே 140 என்றால் பெரும்பகுதி வந்தது வெளியிலிருந்து, பின்வளவுக்காரர் சருகு கொளுத்தியதும் காரணமாகலாம்.

ஒரு பொறி இருக்கிறது, அதில் விழுந்துவிடாதீர்கள். உள்காற்று வெளிக்காற்றுக்குப் பின்னாலேதான் வரும். பூட்டிய வீட்டில் ஒரு மணிநேரம் அளவில் பிந்தும். வெளியே புகை வந்துபோய் எண் விழுந்த பிறகும் உள்ளே உயர்ந்தே நிற்கும். அந்த நேரத்தை மட்டும் பார்த்தால் உள்ளே கூட, வெளியே குறைவு என்று தெரியும், வீட்டில்தான் ஏதோ எரிகிறது என்று நினைப்பீர்கள். ஆகவே ஒரு நேரத்து எண்ணைப் பிரிக்காமல், நேரத்தோடு எண் ஏறி இறங்குவதைக் காட்டும் முழுக் கோட்டையும் பாருங்கள். வெளியே முதலில் ஏறி, உள்ளே பிந்தி, மெல்லச் சாய்வாக ஏறினால் வெளிப்புகை. உள்ளே ஐந்து நிமிடத்தில் சுவர் மாதிரி நிமிர்ந்து, வெளியே அசைவில்லாமல் இருந்தால் வீட்டுப்புகை.

அதற்கு ஒரு கொப்பி வேண்டும். அடுப்பு மூட்டியது, விளக்கேற்றியது, சாம்பிராணி போட்டது, மிளகாய் வறுத்தது, பின்வளவில் புகை கண்டது என்று நேரத்தோடு எழுதுங்கள். ஆசிரியராக இருந்தவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மனைவியிடமும் மருமகளிடமும் கேட்டு எழுதுங்கள், நீங்கள் ஹோலில் இருக்கும்போது நடக்கிறவை பல உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்கிறேன்: நுளம்புத் திரி கொளுத்துகிறீர்களா? மார்கழி, தையில், மழை விட்ட பின், கொக்குவிலில், பின்னேரம் ஆறரை ஏழு மணிக்கு, பிள்ளை இருக்கிற வீட்டில் கொளுத்தாமல் இருந்தால் அதிசயம். 2003இல் வந்த ஒரு ஆய்வில், ஒரு திரி எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று அளந்து சொன்னார்கள். வாசித்த அன்று நான் நம்பவில்லை. பிறகு எத்தனையோ அறைகளில் என் கருவியிலேயே பார்த்துவிட்டேன். கட்டிலின் கீழே ஒரு தகரத் தட்டு, அதில் பச்சைத் திரி, நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு, ஒரு நூல் புகை. பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் கோடு நிமிர்ந்து எழும்பி, விடியும் வரை இறங்காது. இரவு ஒரு மணிக்குத் திரி எரிந்துகொண்டிருந்தால் நான் மேலே சொன்ன அமைதியான மூன்று மணிநேரமும் உங்களுக்கு இல்லை. அளக்கிற இரவுகளில் நுளம்பு வலை கட்டுங்கள். அளந்து முடிந்த பிறகும் வலையைக் கழற்றவேண்டாம். டெங்குப் பயம் உள்ள ஊரில் திரியை விட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பகலில் கடிக்கும் டெங்கு நுளம்புக்கு யன்னல் வலையும் வளவில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பதும் தேவை.

மகனும் மனைவியும் சொன்னதற்கு இப்போது வருகிறேன். பூட்டினால் வெளிப்புகை 93இலிருந்து 56 வீதமாகக் குறையலாம். ஆனால் உள்ளே பிறக்கிற புகைக்கு என்ன நடக்கும்? காற்றோடு வெளியேறுவதும் படிவதும் சேர்ந்த வேகம் 5.4இலிருந்து 0.9 ஆகச் சுருங்குகிறது. யன்னல் திறந்திருக்கையில் 25 அளவுக்கு ஏற்றுகிற அதே திரி, பூட்டிய அறையில் 150 வரை ஏற்றும், ஆறு மடங்கு. ஆகவே திரியையோ சாம்பிராணியையோ கொளுத்திவிட்டுப் பூட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். உள்ளே ஒன்றும் எரியாமல், வெளியே புகை நிற்கிற பின்னேரம் இரண்டு மூன்று மணிநேரம் பூட்டலாம், மகன் சொன்னது சரி. வெளி எண் விழுந்தவுடன் திறந்துவிடவேண்டும், மனைவி சொன்னது சரி. எந்த நேரம் எது என்று வெளிக் கருவி சொல்லும்.

காற்றுச் சுத்திகரிப்பு மெஷின் வாங்குவது என்றால் பிள்ளையின் அறைக்கு மட்டும் வாங்குங்கள், முழு வீட்டுக்கு வேண்டாம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் ஏறத்தாழ 40 கனமீற்றர். மணிக்கு 200 கனமீற்றர் சுத்தமான காற்றுத் தருகிற மெஷின் அந்த அறைக்கு மணிக்கு ஐந்து தரம் சுத்தம் செய்த கணக்கு. இறுக்கமாகப் பூட்டிய அறையில் வெளித்தூசியின் பங்கை 9 வீதம் அளவுக்குக் கொண்டுவரும். யன்னலைத் திறந்துவைத்தால் 48 வீதத்தோடு நின்றுவிடும். ஓட்டுக் கூரையின் கீழ் சீலிங் அடிக்காத அறை என்றால் அந்தக் காசை முதலில் சீலிங்குக்குச் செலவழியுங்கள். ஒழுங்காகப் பூட்டமுடியாத அறையில் மெஷின் பாதி வேலைதான் செய்யும்.

பின்வளவுக்காரரைப் பற்றி. உங்கள் கோடுகள் அவரைத்தான் காட்டினால், தனியாக ஒரு காலமை, கோபமில்லாமல், போனில் அந்தப் படத்தைக் காட்டுங்கள். பின்னேரம் காற்று அடங்கி, நிலம் குளிரத் தொடங்கும்போது புகை மேலே எழும்பாமல் தாழ்ந்து படுக்கும், அது அவருடைய வீட்டுக்குள்ளும்தான் போகும். மாஞ்சருகும் வாழைச்சருகும் எரிக்கிற பொருளே இல்லை, தென்னையின் அடியில் தாட்டால் பசளை, பாத்தியில் பரப்பினால் ஈரம் காயாது. பிளாஸ்ரிக் சேர்த்து எரிக்கிறார் என்றால் அதை மட்டும் கட்டாயம் நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் புகையில் வருகிற நஞ்சை உங்கள் கருவியும் காட்டாது. கோடுகள் உங்கள் வீட்டையே காட்டினால், அவரிடம் ஒருக்கா மன்னிப்பும் கேட்டுவிடுங்கள்.

நான் வைத்தியர் இல்லை. காற்றைச் சுத்தம் செய்தோம் என்று பேத்தி முட்டுக்கு இழுக்கும் மருந்துப் பம்பை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். கிளினிக்குக்குப் போகும்போது உங்கள் கொப்பியையும் கொண்டுபோங்கள். எந்த நாளில் முட்டு வந்தது, எந்த நாளில் எண் ஏறியது என்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வைத்தியருக்கும் உதவும்.

இரண்டாவது கருவி வரும்வரை இருக்கிற ஒன்றை ஹோலிலிருந்து எடுத்து பிள்ளையின் அறையில் வையுங்கள். இன்று பின்னேரம் அந்த அறையில் திரி கொளுத்தாமல் வலை கட்டிவிட்டு, ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இரவு பத்துக்கும் என்ன காட்டுகிறது என்று எழுதி, நாளை வழமைபோல இருந்துவிட்டு அதே நேரங்களில் எழுதி, இரண்டையும் எனக்கு அனுப்புங்கள்.